வார்னிஷ் போட்ட குச்சிகள்

அத்தியாயம் 14

கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. கேக்குக்கு அவ்வளவு இல்லை. இரண்டரைக்கு வண்டி வந்து நிற்கும். நான்கு மணிக்கு மண்டபத்தில் மணமக்கள் அதை வெட்டியாக வேண்டும்.

போன வாரம் தச்சர் வீட்டுச் சமையலறையில் பெரியவளைத் தனியே விட்டுவிட்டு வந்தோம். காலையில் அவள் எழுந்து வந்தபோது அடுப்பு மேடையில் ஒரு சிறு கட்டு கிடந்தது. ஒன்பது குச்சிகள். எல்லாம் சுண்டுவிரல் பருமன், ஒரே உயரம், நூலால் கட்டியிருந்தது. மேல் அடுக்கின் பாரம் கீழ் அடுக்கை அமுக்காமல் இருக்க உள்ளே முட்டுக் கொடுக்கும் குச்சிகள். 'கடைக்குப் போய் வாங்கணும்மா' என்று முந்தின நாள் அம்மாவிடம்தான் சொல்லியிருந்தாள். கேட்க வேண்டிய காதில் அது விழுந்திருக்கிறது.

நடுவில் வந்து சேர்ந்த வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் பெரியவளும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. அவளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணத்தை, ஒரே வாரம் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்குள் அப்பா அவளுக்கென்று ஒரு கட்டில் செய்து முடித்திருந்தார். அன்றோடு வாயை மூடியவர்தான். அவளும் வேறு ஊருக்குப் போய், பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். தங்கையின் கல்யாணக் கேக்கை வீட்டிலேயே செய்வேன் என்று சொல்லித்தான் இப்போது வந்திருக்கிறாள்.

அந்தக் குச்சிகளை அவள் எத்தனை தரம் எடுத்துப் பார்த்தாள் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு அழுகைதான் வந்தது.

பதினொன்றரைக்கு வேலை ஆரம்பமானது.

குளிர்சாதனப் பெட்டியின் தட்டுகளையெல்லாம் உருவிவிட்டு, உள்ளே மூன்று கேக்குகளையும் குடியேற்றியிருந்தார்கள். வீட்டுப் பால், தயிர், காய்கறியெல்லாம் பக்கத்து வீட்டில் அகதிகளாக இருந்தன. பெரியவள் முதலில் அடிக் கேக்கை வெளியே எடுத்தாள். பன்னிரண்டு அங்குல வட்டம், வெண்ணெய் க்ரீம் பூசி, கண்ணாடி மாதிரி வழவழப்பு. நாள் முழுக்க மெழுகில் ஈறு செதுக்குகிற கை அது. அதற்குக் க்ரீம் எம்மாத்திரம்.

தடித்த பலகையின் நடுவில் அதை இறக்கினாள். ஒன்பதங்குலத் தட்டை மேலே லேசாக அழுத்தி வட்டம் குறித்தாள். வட்டத்துக்குள் ஐந்து குச்சிகளைச் செங்குத்தாக இறக்கினாள். ஐந்தும் மேல்மட்டத்தோடு மட்டமாக நின்றன. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அம்மா, பிடி."

அம்மா ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக அடியில் அட்டை வைத்த நடு அடுக்கைத் தூக்கினார்கள்.

"விழுந்துடப் போகுதுடி."

"பேசாம பிடிம்மா."

இறங்கியது. நின்றது. பெரியவள் மூச்சை விட்டாள்.

அப்போதுதான் பின்வாசல் பக்கம் செருப்புக் கழற்றும் சத்தம். அப்பா உள்ளே வந்தார். கையில் ரசமட்டம். யாரையும் பார்க்கவில்லை. ஒரு தட்டைத் துடைத்துக் கேக்கின் மேல் மெல்ல வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வைத்துக் குனிந்தார். குமிழி இந்தப் பக்கம் போய், அந்தப் பக்கம் போய், நட்டநடுவில் உட்கார்ந்தது.

"சரியா இருக்கு," என்றார்.

அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தும் சொல்லவில்லை. பெரியவளைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு வந்த வழியே பட்டறைக்குப் போய்விட்டார்.

இரண்டே வார்த்தை. பெரியவள் க்ரீம் கிண்ணத்தைக் கிளறுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா ஒன்றும் தெரியாதவள் போல மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மூன்று தரம் துடைத்தாள்.

மாப்பிள்ளையின் அத்தை வந்தது ஒரு மணிக்குக் கால்மணி இருக்கும்போது.

இந்த அத்தையை மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையை இருபத்தெட்டு வருஷம் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவர். 'வீட்டுக் கேக்கெல்லாம் சரிப்படாது' என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர். இதுவரை இந்தத் தொடரில் அவர் சொன்ன நல்ல வார்த்தையை எண்ண ஒரு கை விரல் போதும், அதிலும் மிச்சம் இருக்கும்.

"வாங்க வாங்க," என்று அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அத்தை உட்காரவில்லை. கேக்கைச் சுற்றி வந்தார். பெரியவள் நடு அடுக்கின் விளிம்பில் சின்னச் சின்ன இதழ்களைப் பிழிந்துகொண்டிருந்தாள். அத்தை அதைக் குனிந்து பார்த்தார். முகத்தில் ஏதோ இளகியது. அடுத்த நொடியே மூக்கு சுருங்கியது.

"என்ன வாடை இது?"

"வாடையா?" என்றாள் அம்மா.

"பெயின்ட் மாதிரி. இல்ல, வார்னிஷ்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தச்சு வீடுங்க. பின்னாலயே பட்டறை. எங்க வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் சொல்றதுதான்."

"வீட்டு வாடை வாசல்லயே வந்துச்சு. அத நான் சொல்லல." அத்தை இன்னும் குனிந்தார். "இது கேக்குக்குள்ளேர்ந்து வருது."

பெரியவளின் கையில் க்ரீம் பை அப்படியே நின்றது.

அவள் குனிந்து முகர்ந்தாள். வெண்ணெயும் வனிலாவும் மட்டும்தான் தெரிந்தன. அம்மா முகர்ந்தாள். அவளுக்கு அதுவும் தெரியவில்லை. முப்பது வருஷம் வார்னிஷில் ஊறிய வீடு இது. பெரியவளோ காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை பல் செட் வார்க்கும் மருந்தின் காட்டத்தில் உட்கார்ந்திருப்பவள். மூக்கு என்று ஒன்று முகத்தில் இருந்ததே தவிர, அது வேலைக்கு முழுக்குப் போட்டு நாளாகிவிட்டது.

மேடையில் மிச்சமிருந்த நான்கு குச்சிகளில் ஒன்றை எடுத்து அத்தையிடம் நீட்டினாள்.

அத்தை ஒரு தரம் முகர்ந்தார். "இதேதான்."

பெரியவள் குச்சியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். என்ன ஒரு மினுமினுப்பு. காலையிலிருந்து அதைக் கையில் வைத்துக் கொஞ்சியிருக்கிறாள், எதனால் மினுக்குகிறது என்று யோசிக்கவே இல்லை. நகத்தால் கீறினாள். நகத்தில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. நன்றாகக்கூடக் காயவில்லை.

"வெண்ணெய் எந்த வாடையையும் இழுத்துக்கும்," என்றார் அத்தை. "பந்தியில நூத்தம்பது பேர். ஒருத்தர் வாயில வச்சாலும் தெரிஞ்சிடும். நான் தப்பா நினைச்சு சொல்லலம்மா. பேக்கரியில ஒரு கேக் சொல்லி வச்சிருக்கேன். ரெண்டரைக்குள்ள நான் போன் பண்ணினா அனுப்பிடுவாங்க."

அம்மா பெரியவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள்.

"இங்க பாரு. அவருக்குத் தெரியவே கூடாது. கேக்கு கீழே விழுந்துடுச்சுன்னு சொல்லிடலாம். பேக்கரிக் கேக்கே வரட்டும்."

"அம்மா!"

"ஆறு வருஷத்துக்கப்புறம் இப்பதாண்டி வாயைத் திறந்திருக்காரு. நீ போய் 'உங்க குச்சியாலதான் எல்லாம் கெட்டுப் போச்சு'ன்னு சொன்னா, அந்த வாய் இனிமே திறக்குமா? என் பேச்சைக் கேளு. கல்யாணம் முடியட்டும், அப்புறமா நிதானமா சொல்லிக்கலாம்."

இதே வார்த்தைகளை இதே குரலில் பெரியவள் முன்பு ஒரு தரம் கேட்டிருக்கிறாள்.

அப்பாவுக்கு அன்றைக்குக் கோபம் கல்யாணம் நின்றதற்காக அல்ல. அது அவளுக்கும் தெரியும். 'மனசுல வேணாம்னு வச்சுக்கிட்டு, நான் ஒரு மாசம் அந்தக் கட்டிலை இழைக்கிறதைப் பார்த்துக்கிட்டு நின்னாளே' என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. அவரை முட்டாளாக்கி நிற்க வைத்துவிட்டாள் என்பதுதான் அவருடைய ஆறாத புண். இன்னொரு தரம் அதையே செய்தால், பேக்கரிக் கேக் இனிக்கும், தங்கை கல்யாணம் நடக்கும், அப்பா இரண்டு வார்த்தையை நாலு வார்த்தையாக்கக்கூடச் செய்வார். ஒரு நாள் யாராவது வாய்தவறி உண்மையைச் சொல்லும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

"விடும்மா," என்று கையை உருவிக்கொண்டாள்.

பட்டறையில் அப்பா கல்யாணத்துக்கான புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அழுக்காகிவிடுமே என்று எதையும் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டி நின்றுகொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. பெரியவள் குச்சியை நீட்டினாள்.

"அப்பா. இதுல வார்னிஷ் அடிச்சிருக்கீங்க. கேக்குல வாடை இறங்கிடுச்சு."

அவர் குச்சியை வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

"மூணு பூச்சு," என்றார் கடைசியில். "உப்புத்தாள் போட்டும் ஒரு இடத்துல சிலாம்பு தட்டுச்சு. திங்கிற பண்டத்துக்குள்ள போற மரமாச்சே, யார் வாயிலயாவது குத்திட்டா என்ன பண்றதுன்னு..."

முடிக்கவில்லை. அவர் முகம் சிறுத்துப் போனதைப் பார்க்க முடியாமல் பெரியவள் தரையைப் பார்த்தாள். இவ்வளவுதான், இனிமேல் ஜென்மத்துக்கும் பேச மாட்டார் என்று நினைத்தாள்.

"வண்டி எத்தனை மணிக்கு?" என்றார் அப்பா.

"ரெண்டரை."

அவர் புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "பிரிச்சுடலாம் வா. வேற குச்சிக்கு என்ன செய்யறது? இந்தப் பட்டறையில இருக்கிற எந்த மரமும் ஆகாது."

"ஜூஸ் கடையில தடிமனா ஸ்ட்ரா இருக்கும்ப்பா. அது போதும்."

"ஸ்ட்ராவா?" தச்சருக்கு அது நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. "தாங்குமா?"

"நேரா நின்னா தாங்கும்."

கல்யாண உடுப்போடு, கழுத்து நகையோடு, அம்மா தெருமுனை ஜூஸ் கடைக்கு ஓடினாள். ஒரு கட்டு ஸ்ட்ராவோடு அவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது மணி ஒன்று பத்து. அப்பா நாலைந்தை நிற்க வைத்து, மேலே ஒரு பலகை வைத்து, பலகையில் தண்ணீர்க் குடத்தை ஏற்றினார். நின்றது. குடத்தைத் தட்டிப் பார்த்தார். அப்போதும் நின்றது. மனசில்லாமல் தலையாட்டினார்.

சமையலறை வாசலில் அத்தை கையை நீட்டி அவரை மறித்தார்.

"கையைக் காட்டுங்க."

அப்பா சோப்புப் போட்டுக் கழுவியிருந்த கைகளை, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நீட்டினார். அத்தை முகர்ந்தார்.

"இன்னொரு தரம் கழுவுங்க."

மூன்றாவது தரம் கழுவிய பிறகுதான் அனுமதி கிடைத்தது. பேக்கரிக்குப் போன் செய்யப் போகிறவர் என்று பெரியவள் பயந்துகொண்டிருந்த அந்த அத்தை, முக்காலியை இழுத்து மேடைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். "உங்க மூணு பேர் மூக்கையும் நம்ப முடியாது. நான் இருக்கேன், ஆரம்பிங்க."

நடு அடுக்கைத் தூக்குவதுதான் கண்டம். க்ரீம் இறுகிக் கீழ் அடுக்கோடு ஒட்டியிருந்தது. பெரியவள் தட்டைக் கத்தியை வெந்நீரில் தோய்த்துத் துடைத்து, இரண்டுக்கும் நடுவில் சுற்றிலும் ஓட்டினாள். அப்பா எதிரே வந்து நின்றார்.

"பெரிசு," என்றார். சின்ன வயதில் அவளைக் கூப்பிட்ட பேர் அது. "நீ சொல்லு, நான் தூக்கறேன்."

அதைக் கேட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் இது அழுகிற நேரமா?

"ஒண்ணு. ரெண்டு. இப்போ!"

தூக்கினார்கள். கேக் வந்தது. வரும்போது அவள் பக்கம் ஒரு விரல் நீளத்துக்குக் க்ரீம் விண்டு, உள்ளே இருந்த கேக் பல்லிளித்தது. அம்மா 'ஐயோ' என்றாள்.

ஐந்து குச்சிகளையும் உருவினார்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் க்ரீம் லேசாகப் பழுப்பேறியிருந்தது. பெரியவள் மெல்லிய கத்தியை எடுத்தாள். சொத்தைப் பல்லை நோண்டுகிற மாதிரி, துளையைச் சுற்றி ஒரு அங்குலம் சதுரமாக வெட்டி, நீளக் கரண்டியால் அந்தத் துண்டை அடிவரை தோண்டி எடுத்தாள். பள்ளத்தில் அத்தை மூக்கை வைத்தார்.

"இன்னும் இருக்கு."

இன்னும் அரை அங்குலம்.

"ம். போயிடுச்சு."

கேக்கின் மேல்பாகத்தை மட்டமாக்க வெட்டிய துணுக்குகள் டப்பாவில் இருந்தன. அவற்றைக் க்ரீமோடு பிசைந்து பள்ளத்தில் அடைத்து மட்டமாக்கினாள். இரண்டாவது துளை. மூன்றாவது. நான்காவது துளையில் அத்தை நான்கு தரம் 'இருக்கு' என்றார். பள்ளம் கேக்கின் விளிம்புக்கு அரை அங்குலத்தில் வந்து நின்றுவிட்டது. இதற்குமேல் தோண்டினால் பக்கச்சுவர் உடையும்.

போன் அடித்தது. அம்மா எடுத்துக் காதில் வைத்தாள். மண்டபத்திலிருந்து சின்னவள், கல்யாணப் பெண்.

"அம்மா, பல்செட் அக்காகிட்ட போனைக் குடு. கேக் எப்படி இருக்குன்னு கேக்கணும்."

அம்மா பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் கத்தியோடு நின்றாள். அத்தை போனை வாங்கி, "உங்க அக்கா வேலையா இருக்கா. நீ தலையலங்காரத்தைப் பாரு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கால் அங்குலம் எடுத்தாள். சுவர் வெளியே லேசாகப் புடைத்தது. அப்பா யாரும் சொல்லாமலே உள்ளங்கையில் வெண்ணெய்த்தாளை வைத்து வெளியிலிருந்து அணைகொடுத்தார்.

அத்தை குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டார். இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு ஒருவர் முகர்ந்து பார்த்ததை அந்த வீடு கண்டதில்லை.

"இல்ல," என்றார். "போயிடுச்சு."

ஐந்தாவது துளை ஒரே தரத்தில் முடிந்தது.

அப்பா ஐந்து ஸ்ட்ராக்களைச் சேர்த்து ஒட்டுநாடாவால் இறுக்கிச் சுற்றி, பென்சிலால் கோடு போட்டு ஒரே வெட்டாக வெட்டினார். பழைய துளைகளுக்கு இரண்டு அங்குலம் தள்ளி அவை இறங்கின. நடு அடுக்கு மறுபடி ஏறியது. விண்ட இடத்தைக் க்ரீமால் அடைத்து, அதன்மேல் இதழ்களைச் சரமாகப் பிழிந்து இறக்கினாள் பெரியவள். வேண்டுமென்றே செய்த கொடி மாதிரிதான் இருந்தது. மணி இரண்டு இருபத்தைந்து.

அத்தை கைப்பையிலிருந்து போனை எடுத்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"பேக்கரிங்களா? கேக் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார். "உச்சி அடுக்கையும் மிச்ச ஸ்ட்ராவையும் எங்கிட்ட குடுங்க. என் கார்ல மடியில வச்சு எடுத்துட்டுப் போறேன். மண்டபத்துல ஏத்திக்கலாம்."

வண்டியின் பின்பக்கம் இருக்கைகளை மடக்கித் தரையை மட்டமாக்கியிருந்தார்கள். கேக்கை நடுவில் வைத்து, ஒரு பக்கம் அப்பாவும் எதிர்ப்பக்கம் பெரியவளும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடிப்பலகையை நான்கு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். அம்மா முன்னால் டிரைவர் பக்கத்தில். வண்டி தெருவைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறியது.

கேக்குக்கு மேலாக அப்பாவின் நெற்றியும் கண்களும்தான் பெரியவளுக்குத் தெரிந்தன.

"இன்னிக்கு அஞ்சே நிமிஷத்துல வந்து சொல்லிட்ட," என்றார் அப்பா.

"ம்."

"எனக்கு வலிக்கும்னு தெரிஞ்சும் சொன்ன."

"ஆமாம்ப்பா."

"அப்ப அன்னிக்கு ஏன் ஒரு மாசம் சொல்லல?"

பெரியவள் அம்மாவின் பின்னந்தலையைப் பார்த்தாள். கொண்டையில் வைத்திருந்த பூ அசையாமல் இருந்தது. ஆறு வருஷமாக அவள் யாரிடமும் சொல்லாத பதில் அது. இன்றைக்குக் கல்யாணம். எல்லோரும் சிரிக்க வேண்டிய நாள். பயமா இருந்துச்சுப்பா என்று சொன்னால் போதும், முடிந்துவிடும். அவள் வாயைத் திறந்தாள்.

"அவ முதல் நாளே சொன்னா," என்றாள் அம்மா.

திரும்பவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கிட்ட வந்து அழுதா. உடனே உங்ககிட்ட சொல்றேன்னா. நான்தான் அவ வாயை அடைச்சேன். கொஞ்ச நாள்ல மனசு மாறிடுவான்னு நினைச்சேன். அப்புறம் நீங்க பேச்சை நிறுத்தினப்ப, அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. பெரியவளின் பக்கம் பலகை ஒரு நூல் எழும்பியது. அப்பாவின் பக்கம் அசையவே இல்லை. அவருடைய விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"ஏதாவது சொல்லுங்களேன்," என்றாள் அம்மா.

அப்பா கேக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கையில பாரம் இருக்கு," என்றார். "இறக்கி வச்சிட்டு வர்றேன்."

எதிரே மண்டபத்தின் வாசல் தெரிந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.